ஹொரேஸ் மேன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கப் பள்ளிக்கல்வியின் வரலாற்றைத் தொட்டால் ஹொரேஸ் மேன் பெயர் வராமல் போகாது. வழக்கறிஞர், மாநில அரசியல்வாதி, பத்திரிகையாசிரியர், கல்லூரித் தலைவர் என்று பல வேலை பார்த்தவர். புகழ்பவர்களும் திட்டுபவர்களும் இன்றுவரை இருக்கிறார்கள். என் பார்வையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் உத்தரவு போட முடியாத ஒரு பதவியில் உட்கார்ந்துகொண்டு, எழுதியும் ஊர் ஊராகப் போய்ப் பேசியுமே ஒரு மாநிலத்தின் பள்ளிகளை மாற்றிக் காட்டியவர் அவர். கீழே உள்ள பதில்களில் பெரும்பகுதி அதைச் சுற்றித்தான் இருக்கும்.

சுருக்கமாக, யார் இவர்?

1796 மே 4 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிராங்க்லின் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். 1827 முதல் 1833 வரை மாநிலக் கீழவை உறுப்பினர். பிறகு மாநில செனட் உறுப்பினர், அதன் தலைவர். 1837 முதல் 1848 வரை மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளர். அடுத்த ஐந்து ஆண்டுகள் வாஷிங்டனில் காங்கிரஸ் உறுப்பினர். 1853 முதல் ஒஹையோ மாநிலத்தின் ஆன்டியோக் கல்லூரித் தலைவர். 1859 ஆகஸ்ட் 2 அன்று, 63 வயதில் காலமானார்.

நியூயார்க் பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் கிரீலியும் இவரும் ஒருவரா?

இல்லை. கிரீலி 'நியூயார்க் டிரிபியூன்' நாளிதழை நடத்தியவர், 1872-ல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றவர். முதல் பெயர் ஒன்று, காலமும் ஏறக்குறைய ஒன்று என்பதால் வரும் குழப்பம் இது.

சிறுவயதில் எங்கே படித்தார்?

பள்ளியில் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. வருடத்தில் சில வாரங்கள்தான் அவர் பள்ளிக்குப் போனார். மீதி நாளெல்லாம் வயல் வேலை, வீட்டு வேலை. தொப்பி செய்வதற்காக வைக்கோலைப் பின்னிக் கொடுக்கும் கைத்தொழில் அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வீடு நடந்தது. சிறுவன் ஹொரேஸ் வைக்கோல் பின்னிச் சம்பாதித்த காசில்தான் தன் பள்ளிப் புத்தகங்களை வாங்கினான். 13 வயதில் அப்பா காசநோயில் இறந்துபோனார்.

அவனைக் காப்பாற்றியது ஊர் நூலகம். ஊருக்கு பெஞ்சமின் ஃபிராங்க்லினின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். அவர் ஒரு மணி அன்பளிப்பாகத் தந்தால் தேவாலயத்துக்குக் கோபுரம் கட்டுவோம் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அப்போது பிரான்சில் இருந்த ஃபிராங்க்லின், இப்போதைக்குக் கோபுரச் செலவை மிச்சப்படுத்துங்கள், மணிக்குப் பதில் புத்தகங்களை வைத்துக்கொள்ளுங்கள், ஓசையைவிட அறிவு மேல் என்று பதில் சொல்லி 116 புத்தகங்களை அனுப்பி வைத்தார். பெரும்பாலும் கனமான வரலாறும் இறையியலும். ஒரு சிறுவனுக்கு ஏற்றவை என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஹொரேஸ் அவற்றை எடுத்து எடுத்துப் படித்தான். இலவசமாகக் கிடைக்கும் புத்தகம் ஒரு ஏழைப் பிள்ளைக்கு என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஊரின் போதகர் நத்தானியேல் எமன்ஸ் கடுமையான கால்வினியர்; யாருக்கு மீட்பு, யாருக்கு நரகம் என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்று நம்பும் புராட்டஸ்டன்ட் பிரிவு அது. நரகத்தைப் பற்றி அவர் பேசப் பேச சிறுவன் ராத்திரியில் தூக்கம் வராமல் கிடப்பான். 1810-ல் அண்ணன் ஸ்டீபன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் குளிக்கப் போய் நீரில் மூழ்கி இறந்தான். அழுதுகொண்டிருந்த தாயின் முன்னால், மனம் திரும்பாமல் செத்துப்போகும் இளைஞர்களின் கதி என்ன என்று எமன்ஸ் இறுதிச்சடங்கிலேயே பிரசங்கம் செய்தார். மேனுக்கு அந்த நம்பிக்கை அன்றோடு விட்டுப்போயிற்று. பிற்பாடு, மும்மூர்த்திக் கோட்பாட்டை ஏற்காமல் கடவுள் ஒருவரே என்று சொல்லும் யூனிடேரியன் சபைக்கு வந்தார். பள்ளியில் எந்தச் சபையின் கோட்பாட்டையும் பிள்ளைகள் தலையில் திணிக்கக் கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இருபது வயதை நெருங்கும்போது ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவரிடம் லத்தீனும் கிரேக்கமும் ஆறே மாதத்தில் படித்து, 1816-ல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நேராக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தார். 1819-ல் வகுப்பில் முதல்வராகத் தேறினார்.

அரசியலுக்கு எப்படி வந்தார்?

லிட்ச்ஃபீல்டு சட்டப் பள்ளியில் படித்து, 1823-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்து, டெடம் ஊரில் தொழில் நடத்தினார். நல்ல பேச்சாளர். 1827-ல் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே அவர் செய்த பெரிய காரியம், மனநோயாளிகளுக்காக வூஸ்டர் நகரில் அரசு மருத்துவமனை அமைக்க வைத்தது. அதற்கு முன் வசதியில்லாத மனநோயாளிகளைச் சிறையிலும் ஏழை விடுதியிலும் அடைத்து வைத்திருந்தார்கள். 1833-ல் மருத்துவமனை திறந்தது. முதலில் தகவலைத் திரட்டு, அதைச் சட்டமன்றத்தில் வை, பிறகு வாதாடு என்ற அவரது பாணி இங்கேயே தொடங்கிவிட்டது.

சொந்த வாழ்க்கையில் அதே காலம் இருண்டது. 1830-ல் பிரவுன் பல்கலைக்கழக முன்னாள் தலைவரின் மகள் சார்லட் மெசரை மணந்தார். 1832 ஆகஸ்ட் 1 அன்று அவர் இறந்துபோனார். போதாததற்குச் சகோதரரின் தொழில் முறிந்து, அதில் பட்ட கடனும் இவர் தலையில் விழுந்தது. பாஸ்டனுக்கு இடம் மாறி, அலுவலகத்திலேயே படுத்து, வயிற்றைக் கட்டிக் கடனை அடைத்தார். நண்பர்கள் வற்புறுத்தித்தான் மாநில செனட்டுக்கு நின்றார். 1836-லும் 1837-லும் அதன் தலைவராக இருந்தார்.

1837-ல் வந்த கல்வி வாரியம் என்பது என்ன?

ஆளுநர், துணை ஆளுநர், நியமன உறுப்பினர் எட்டுப் பேர் கொண்ட குழு அது. 1837 ஏப்ரல் 20 அன்று சட்டமானது. செனட் தலைவர் என்ற முறையில் மேனும் அதில் கையெழுத்திட்டார். குழுவுக்குச் சம்பளம் பெறும் ஒரு செயலாளர் உண்டு. சரி, அந்தச் செயலாளரின் அதிகாரம் என்ன? ஒரு பள்ளியைத் திறக்கவோ மூடவோ முடியாது. ஆசிரியரை நியமிக்க முடியாது, நீக்கவும் முடியாது. பாடப்புத்தகம் இதுதான் என்று சொல்ல முடியாது. ஒரு டாலர் வரி விதிக்க முடியாது. தகவல் திரட்டலாம், நல்ல முறைகளைப் பரப்பலாம், ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம். அவ்வளவுதான்.

இந்தப் பதவிக்குத்தான் மேன் வழக்கறிஞர் தொழிலையும் செனட் தலைவர் நாற்காலியையும் விட்டுவிட்டு வந்தார். தொழிலதிபர் எட்மண்ட் டுவைட்தான் அவரை வற்புறுத்தி இழுத்தவர். சம்பளம் ஆண்டுக்கு 1,500 டாலர். வக்கீல் தொழிலில் வந்ததைவிடக் குறைவு. நண்பர்கள் பலருக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் அவர் எழுதியது இது: 'ஒரு வழக்குக் கட்சிக்காரரின் நலன், அடுத்த தலைமுறையின் நலனோடு ஒப்பிட்டால் சிறியது. ஆகவே அடுத்த தலைமுறையே என் கட்சிக்காரராக இருக்கட்டும்.'

அன்றைய பள்ளிகள் அவ்வளவு மோசமா?

பொதுப்பள்ளி என்பது மாசசூசெட்ஸுக்குப் புதிதல்ல. ஐம்பது குடும்பம் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும் என்ற சட்டம் 1647-லேயே வந்துவிட்டது. ஆனால் காலப்போக்கில் பொறுப்பு சின்னச் சின்ன வட்டாரங்களுக்குப் பிரிந்துபோய், யார் குறைந்த செலவில் பள்ளி நடத்துகிறார்கள் என்ற போட்டியாகிவிட்டது. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளைத் தனியார் அகாடமிக்கு அனுப்பிவிட்டு, பொதுப்பள்ளிக்கு வரி கொடுக்க முகம் சுளித்தார்கள்.

ஒரே அறை. சாலை சந்திப்பில், யாருக்கும் வேண்டாத துண்டு நிலத்தில் கட்டிடம். சாய்வு இல்லாத பெஞ்சில், தரையில் கால் எட்டாமல் சின்னப் பிள்ளைகள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். குளிர்காலத்தில் அடுப்புக்குப் பக்கத்தில் இருப்பவன் வெந்துபோவான், ஓரத்தில் இருப்பவன் விறைத்துப்போவான். பல பள்ளிகளில் கழிப்பறையே இல்லை. மேன் 1838-ல் பள்ளிக் கட்டிடங்களுக்கென்றே தனி அறிக்கை எழுதினார். அறையில் காற்றோட்டம் பற்றி அதில் அவ்வளவு விரிவாகப் பேசுகிறார். கல்வித் தத்துவம் எழுதப் போகிறவர் முதலில் ஜன்னலையும் பெஞ்சையும் பற்றி எழுதியது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கிடையாது. 1837 கணக்குப்படி, சாப்பாடு தங்குமிடச் செலவையும் சேர்த்து, ஆண் ஆசிரியருக்கு மாதம் 25 டாலருக்குச் சற்று மேல். பெண் ஆசிரியருக்கு 11 டாலருக்குச் சற்று மேல். பல இடங்களில் ஆசிரியர் வாரத்துக்கு ஒரு மாணவன் வீடு என்று மாறி மாறித் தங்கிக்கொள்ள வேண்டும்.

அதிகாரமே இல்லாமல் எப்படிச் சாதித்தார்?

மூன்று வழி. முதலாவது பயணம். பதவியேற்ற ஆண்டே குதிரையேறிக் கிளம்பி, மாவட்டம் மாவட்டமாகக் கல்வி மாநாடு கூட்டினார். சில இடங்களில் கூட்டம் நிரம்பி வழிந்தது, சில இடங்களில் ஆளே வரவில்லை. வராத ஊர்களைப் பற்றித் தன் நாட்குறிப்பில் மனம் நொந்து எழுதுவார். அப்புறம் அடுத்த ஆண்டும் அங்கேயே போய் நிற்பார்.

இரண்டாவது பத்திரிகை. 1838 நவம்பரில் 'காமன் ஸ்கூல் ஜர்னல்' என்ற இதழைத் தொடங்கினார். மாதம் இருமுறை, 16 பக்கம். பள்ளிச் சட்டங்கள், பாடம் நடத்தும் முறைகள், ஆரோக்கியம், நூலகம் என்று ஆசிரியருக்கும் ஊர்ப் பள்ளிக் குழுவுக்கும் தேவையானது எல்லாம் அதில் வந்தது. செயலாளர் வேலைக்கு மேல் இதையும் பத்து ஆண்டு தானே நடத்தினார். பதவிக்காலம் முழுக்க நாளொன்றுக்குப் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். உடம்பு அடிக்கடி படுத்ததில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது, எனக்கு முக்கியமாகப் படுவது, புள்ளிவிவரம். ஒவ்வோர் ஊரின் பள்ளிக் குழுவும் ஆண்டறிக்கை எழுதி, ஊர்க்கூட்டத்தில் வாசித்து, மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1838-ல் விதி வந்தது. மேன் அவற்றைச் சுருக்கி அச்சிட்டார். பிறகு ஒரு பிள்ளைக்கு எந்த ஊர் எவ்வளவு செலவு செய்கிறது என்று கணக்குப் போட்டு, முதலிடத்திலிருந்து கடைசி இடம் வரை ஊர்களை வரிசைப்படுத்தி வெளியிட்டார். யோசித்துப் பாருங்கள். மேனுக்கு அபராதம் போட உரிமையில்லை. ஆனால் பக்கத்து ஊரைவிடத் தங்கள் ஊர் பல படி கீழே இருக்கிறது என்று அச்சில் பார்த்துவிட்டு, அடுத்த ஊர்க்கூட்டத்தில் கல்விக்குப் பணம் ஒதுக்க மாட்டோம் என்று எழுந்து பேச யாருக்கு மனம் வரும்? பத்திரிகையாளரின் புத்தியும் அரசியல்வாதியின் புத்தியும் ஒன்றாக வேலை செய்த இடம் இது. இதற்கிடையே, பள்ளி ஆண்டுக்கு ஆறு மாதமாவது நடக்க வேண்டும் என்ற சட்டமும் 1839-ல் வந்தது.

அமெரிக்காவின் முதல் அரசு ஆசிரியப் பயிற்சிப் பள்ளி இவர் தொடங்கியதுதானா?

ஆமாம். டுவைட் 10,000 டாலர் தருகிறேன், அதே தொகையை அரசும் போட வேண்டும் என்றார், சட்டமன்றம் ஒப்புக்கொண்டது. 1839 ஜூலை 3 அன்று லெக்சிங்டனில் பள்ளி திறந்தது. 1775-ல் விடுதலைப் போரின் முதல் வேட்டுகள் வெடித்த அதே ஊர். முதல் நாள் வந்த மாணவிகள் மூன்றே பேர். முதல்வர் சைரஸ் பியர்ஸ் மனம் தளராமல் அந்த மூவருக்கும் பாடம் எடுத்தார். பக்கத்திலேயே ஒரு மாதிரிப் பள்ளி வைத்து, கற்றதை உண்மையான பிள்ளைகளிடம் நடத்திப் பார்க்கவும் வைத்தார். மேன் தன் சட்டப் புத்தகங்களை விற்ற பணத்தையும் இதில் போட்டார். அதே ஆண்டு பார் ஊரிலும், 1840-ல் பிரிட்ஜ்வாட்டரிலும் அடுத்த பள்ளிகள் வந்தன. லெக்சிங்டன் பள்ளி இடம் மாறி மாறி, இன்று ஃபிரேமிங்ஹாம் அரசுப் பல்கலைக்கழகமாக இருக்கிறது.

எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது?

எல்லாத் திசையிலிருந்தும். 1840-ல் அரசியல் காற்று மாறியது. வாரியம் வீண் செலவு, உள்ளூர் உரிமையைப் பறித்து அதிகாரத்தை ஓரிடத்தில் குவிக்கும் ஐரோப்பிய ஏற்பாடு என்று சொல்லி, வாரியத்தையும் பயிற்சிப் பள்ளிகளையும் சேர்த்தே ஒழிக்க மசோதா வந்தது. 182-க்கு 245 என்ற வாக்கில் அது தோற்றது. முப்பத்திரண்டு பேர் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

அடுத்து மதம். பைபிளை விளக்கவுரை இல்லாமல் வாசிக்கலாம், சபைக் கோட்பாடு வேண்டாம் என்பது மேனின் நிலை. கடவுளைப் பள்ளியிலிருந்து துரத்துகிறார் என்று வைதீகப் புராட்டஸ்டன்டுகள் சாடினார்கள். கத்தோலிக்கர்களுக்கோ, பள்ளியில் வாசிக்கும் பைபிளே புராட்டஸ்டன்ட் பதிப்பு என்ற நியாயமான குறை இருந்தது. அந்தக் குறையை மேன் சரியாக உணரவில்லை என்றே நினைக்கிறேன்.

மூன்றாவது சண்டை ஆசிரியர்களோடு. 1843-ல் மேரி பீபடியை மறுமணம் செய்துகொண்ட கையோடு ஐரோப்பா போய்ப் பள்ளிகளைப் பார்த்தார். தேனிலவு முழுக்கப் பள்ளிகளும் சிறைகளும்தான். திரும்பி வந்து எழுதிய ஏழாவது அறிக்கையில், ஜெர்மன் அரசுகளான பிரஷ்யா, சாக்சனி ஆசிரியர்களைப் புகழ்ந்தார். கையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடம் கேட்கும் ஆசிரியரை அங்கே பார்க்கவில்லை, உட்கார்ந்தபடி பாடம் கேட்பவரையும் பார்க்கவில்லை, அடிபட்டு அல்லது அடிக்குப் பயந்து அழும் ஒரு பிள்ளையைக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதினார். பாஸ்டன் தலைமையாசிரியர்களுக்கு அது தங்கள் முதுகில் விழுந்த அடி போல இருந்தது. 31 பேர் சேர்ந்து 144 பக்கத்தில் மறுப்பு வெளியிட்டார்கள். பிரம்பு இல்லாமல் ஒழுக்கம் வராது என்பது அவர்கள் கட்சி. மேன் 176 பக்கத்தில் பதில் கொடுத்தார். அவர்கள் அதற்கு மறுபதில், இவர் அதற்கும் பதில்! 1845-ல் மேனின் நண்பர் சாமுவேல் கிரிட்லி ஹோவ் முதலானோர் பாஸ்டன் பள்ளிகளில் எழுத்துத் தேர்வு வைத்துப் பார்த்தபோது மாணவர்களின் மதிப்பெண் பரிதாபமாக இருந்தது. அதன்பின் சில தலைமையாசிரியர்கள் பதவி இழந்தார்கள்.

தொழிற்சாலைக்கு அடங்கி நடக்கும் ஆட்களை உருவாக்கத்தான் பிரஷ்ய முறையைக் கொண்டுவந்தார் என்கிறார்களே?

இணையத்தில் அடிக்கடி சுற்றும் கதை. மூல அறிக்கையைப் படித்தால் இது நிற்காது. பிரஷ்யாவின் எதேச்சாதிகாரம் அவருக்குக் கண்ணை உறுத்தியது; அதை அறிக்கையிலேயே சொல்கிறார். மன்னராட்சிக்கு உதவும் நல்ல கற்பித்தல் முறை, குடியரசுக்கு உதவாதா என்பதுதான் அவர் வாதம். மேலும் அவர் வியந்தது பிள்ளைகள் அங்கே பயமில்லாமல் இருந்ததை.

ஆனால் கதையில் ஒரு துளி உண்மை உண்டு. 1841-ன் ஐந்தாவது அறிக்கையில், படித்த தொழிலாளி அதிகம் உற்பத்தி செய்கிறான் என்று ஆலை முதலாளிகளிடம் கேட்டு வாங்கிய கடிதங்களை அச்சிட்டிருக்கிறார். வரி கட்டுபவர்களை இழுக்க அந்த வாதம் தேவைப்பட்டது. பன்னிரண்டாவது அறிக்கையில், 1848-ல், அவர் பேச்சு வேறு உயரத்துக்குப் போகிறது: மனிதன் உண்டாக்கிய எல்லா ஏற்பாடுகளையும்விட, மனிதர்களின் நிலையைச் சமப்படுத்துவது கல்விதான் என்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிப்பதுதான் நியாயம்.

கறுப்பின மக்கள், பெண்கள் விஷயத்தில் எப்படி இருந்தார்?

இங்கே அவரைக் கண்ணை மூடிக்கொண்டு புகழ முடியாது. பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருந்தது. அதை எதிர்த்து அந்தச் சமூகம் போராடியபோது, மாநிலக் கல்விச் செயலாளர் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. வாரியத்துக்கு இருக்கும் ஆதரவு உடைந்துவிடும் என்ற பயம். அடிமை ஒழிப்பு இயக்கத் தலைவர் வெண்டல் பிலிப்ஸ் இதற்காக அவரைக் கடுமையாகக் கண்டித்தார். கண்டித்தது சரி என்பேன். தனிவாழ்வில் மேன் வேறு மாதிரி. பயிற்சிப் பள்ளிக்கு வந்த கறுப்பின மாணவி ஒருவருக்கு, அப்போது அந்தப் பள்ளி இருந்த வெஸ்ட் நியூட்டன் ஊரில் யாரும் தங்க இடம் தராதபோது, தன் வீட்டிலேயே தங்க வைத்தார். பாஸ்டன் பிரிவினை 1855-ல்தான் சட்டத்தால் ஒழிந்தது, அவர் பதவியை விட்டு ஏழு ஆண்டுக்குப் பிறகு.

பெண்களை ஆசிரியப் பணிக்குக் கொண்டுவந்ததில் அவர் பங்கு மிகப் பெரியது. அதே சமயம் பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்பதை ஏற்காதவர்.

காங்கிரசில் என்ன செய்தார்?

முன்னாள் குடியரசுத் தலைவர் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1848 பிப்ரவரியில் இறக்க, அந்த இடத்துக்கு மேன் தேர்வானார். அதுவரை அடக்கி வைத்திருந்த குரல் அங்கே வெளிப்பட்டது. அடிமைகளாக இருந்த 70-க்கும் மேற்பட்டோரை 'பேர்ல்' என்ற பாய்க்கப்பலில் வாஷிங்டனிலிருந்து தப்ப வைக்க முயன்று பிடிபட்ட டிரேட்டன், சேயர்ஸ் இருவருக்கும் நீதிமன்றத்தில் வாதாடினார். 1850-ல் மாசசூசெட்ஸ் செனட்டர் டேனியல் வெப்ஸ்டர் அடிமை முறையோடு சமரசம் பேசியபோது அவரை நேருக்கு நேர் எதிர்த்தார். அவரது விக் கட்சி மறுபடி சீட்டுக் கொடுக்கவில்லை. அடிமை முறை புதிய பகுதிகளுக்குப் பரவுவதை எதிர்த்த ஃப்ரீ சாயில் கட்சி ஆதரவில் நின்று ஜெயித்தார். 1852-ல் மாநில ஆளுநர் தேர்தலில் தோற்றார்.

ஆன்டியோக் கல்லூரியில் கடைசி ஆண்டுகள் எப்படி இருந்தன?

ஒஹையோவின் யெல்லோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில், கட்டி முடியாத கட்டிடங்களோடு 1853-ல் கல்லூரி திறந்தது. ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில், ஒரே பாடம். அவர் அக்கா மகள் ரெபெக்கா பென்னல் அங்கே ஆண் பேராசிரியர்களுக்குச் சமமான பதவியிலும் சமமான சம்பளத்திலும் வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம். மாதம் 25 டாலர், 11 டாலர் கணக்கை அச்சிட்ட மனிதர், தன் கையில் ஒரு நிறுவனம் வந்ததும் அதைச் சரிசெய்தார்.

கடன் மட்டும் விடவில்லை. 1859-ல் கல்லூரியை ஏலத்துக்கே விட்டு, ஆதரவாளர்கள் சேர்ந்து மீட்டார்கள். அந்தக் கோடையில் பட்டமளிப்பு விழாவில், மனிதகுலத்துக்காக ஒரு வெற்றியாவது ஈட்டாமல் சாக வெட்கப்படுங்கள் என்று மாணவர்களிடம் சொன்னார். சில வாரங்களில் இறந்துபோனார். பின்னர் அவர் உடல் பிராவிடன்ஸ் நகரில், முதல் மனைவி சார்லட்டின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அமெரிக்காவுக்கு வெளியே அவர் தாக்கம் உண்டா?

அர்ஜென்டினாவில் பெரிய அளவில். அந்நாட்டு எழுத்தாளர் டொமிங்கோ சர்மியென்டோ 1847-ல் வெஸ்ட் நியூட்டனுக்கு வந்து மேனைச் சந்தித்தார். மேனுக்கு ஸ்பானிஷ் தெரியாது. மேரிதான் பிரெஞ்சில் பேசி இருவருக்கும் நடுவே மொழிபெயர்த்தார். கணவர் இறந்தபின்னும் மேரி சர்மியென்டோவோடு கடிதத் தொடர்பை விடவில்லை, அவர் நூலை ஆங்கிலத்திலும் கொண்டுவந்தார். 1868-ல் சர்மியென்டோ அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவரானார். அமெரிக்காவில் பயிற்சி பெற்ற ஆசிரியைகளை வரவழைத்து, தன் நாட்டில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளை நிறுவினார். ஆட்களைத் தேடிப் பிடித்து அனுப்பிய வேலையில் மேரியின் உழைப்பு நிறைய.

அவர் எழுத்தில் எதை முதலில் படிப்பது?

பன்னிரண்டு ஆண்டறிக்கைகளும் காப்புரிமை முடிந்தவை, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலானவர்கள் புகழ்பெற்ற பன்னிரண்டாவதில் தொடங்குகிறார்கள். நான் ஏழாவதைச் சொல்வேன். வகுப்பறையில் ஆசிரியர் எங்கே நிற்கிறார், பிள்ளை எப்படிக் கையைத் தூக்குகிறது என்பதுவரை கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார். அதைப் படித்தபின் பன்னிரண்டாவதற்குப் போங்கள். மேரி 1865-ல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் அவருடைய நாட்குறிப்புப் பகுதிகள் உண்டு. ஆளே வராத மாநாடுகளைப் பற்றி அவர் புலம்பியதெல்லாம் அதில்தான் இருக்கிறது.